செல் கல்ச்சர் சொதப்பினால் எங்கிருந்து தேடுவது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

செல் கல்ச்சரில், அதாவது உடலுக்கு வெளியே செல்களை வளர்க்கும் வேலையில், ஃபிளாஸ்க்கில் ஏதோ சரியில்லை என்று பட்டவுடன் முக்கால்வாசிப் பேர் பழைய மீடியாவை (செல்லுக்கான ஊட்டத் திரவத்தை) உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது மீடியா ஊற்றி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்குபேட்டரில் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். என்ன நடந்தது என்பதற்கான தடயம் முழுக்க அந்தப் பழைய மீடியாவில்தான் இருக்கிறது. நிறம், கலங்கல், மிதக்கும் செத்த செல்கள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் அப்புறம் மிஞ்சுவது யூகம்தான். அந்த யூகத்தை வைத்துக்கொண்டு ஒரே நாளில் சீரத்தையும் (மீடியாவில் சேர்க்கும் மாட்டு ரத்தத் தெளிவு) மாற்றி, டிரிப்சினையும் (ஒட்டிய செல்லைப் பெயர்க்கும் நொதி) மாற்றி, ஆன்டிபயாட்டிக்கையும் கூட்டினால், பிரச்சினை போனாலும் எதனால் போனது என்று தெரியாது, அடுத்த மாதம் அதுவே திரும்பி வந்தாலும் எங்கே கை வைப்பது என்று தெரியாது.

முதலில் மூடியை இறுக்கி, ஃபிளாஸ்க்கின் வெளிப்புறத்தை 70% ஆல்கஹாலில் துடைத்து மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டுபோங்கள். 10 எக்ஸில் பொதுவாக ஒரு பார்வை, பிறகு 40 எக்ஸில் செல்களுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தைப் பாருங்கள். ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்தது, அதே இன்குபேட்டரில் இருக்கும் மற்றவர்களுடைய ஃபிளாஸ்க்குகள். எல்லாருடைய செல்லும் ஒன்றுபோலக் கெட்டிருந்தால் இன்குபேட்டர், வாயு, தண்ணீர்த் தட்டு என்று தேடுங்கள். ஒரு குறிப்பிட்ட மீடியா பாட்டிலைப் பயன்படுத்திய ஃபிளாஸ்க்குகள் மட்டும் என்றால் அந்த பாட்டில். ஒரே ஒரு ஃபிளாஸ்க் என்றால் அதைக் கையாண்ட விதம். இந்த ஒரு பிரிப்பிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இனி வருவதெல்லாம் ஹீலா, ஹெச்.ஈ.கே. 293, வெரோ மாதிரி ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டி வளரும் சாதாரண செல் லைன்களை (லேபில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் ஒரே வகைச் செல்கள்) மனதில் வைத்து எழுதியது.

மீடியா மஞ்சளாகிவிட்டது

மீடியாவில் இருக்கும் ஃபீனால் ரெட் சாயம் பி.எச். 7.4 பக்கம் சிவப்பாக இருக்கும், 6.8க்குக் கீழே போனால் மஞ்சளாகும். ஆக மஞ்சள் என்றால் அமிலம் கூடிவிட்டது, அவ்வளவுதான். அது கிருமியின் வேலை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஃபிளாஸ்க்கை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள்.

மஞ்சளாக இருக்கிறது, ஆனால் தெளிவாக இருக்கிறது, செல்களும் நெருக்கமாக நிரம்பி வழிகின்றன என்றால் அது வெறும் பசி. ஹீலா நிரம்பிவிட்டால் குளுக்கோஸைத் தின்று லாக்டிக் அமிலமாகக் கொட்டும். ஸ்ப்ளிட் பண்ண (செல்களைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்குகளில் போட) வேண்டிய நாள் தாண்டிவிட்டது என்று பொருள்.

செல்களே குறைவு, மீடியா தெளிவு, ஆனாலும் மஞ்சள் என்றால் இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் போகிறதா என்று பாருங்கள். திரையில் 5% என்று காட்டுவதை நம்பாமல் தனிக் கருவியால் அளக்க வேண்டும். அதுவும் சரி என்றால் மீடியாவைப் பாருங்கள். நம் ஊர் லேப்களில் செலவைக் குறைக்க பவுடர் மீடியா வாங்கிக் கரைப்பது வழக்கம், அந்தப் பாக்கெட்டுகள் பலவற்றில் சோடியம் பைகார்பனேட் இருக்காது, நாம்தான் எடை போட்டுச் சேர்க்க வேண்டும். டி.எம்.ஈ.எம். வகை மீடியாவுக்கு லிட்டருக்கு 3.7 கிராம், ஆர்.பி.எம்.ஐ. 1640 வகைக்கு 2 கிராம். அது விட்டுப்போயிருந்தால், பாட்டிலில் பி.எச். சரிபார்த்தபோது அழகாக 7.4 காட்டிய மீடியா இன்குபேட்டருக்குள் போன கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிவிடும். செல்லே போடாத வெறும் மீடியாவை ஒரு ஃபிளாஸ்க்கில் ஊற்றி ஒரு ராத்திரி உள்ளே வைத்தால் இது தெரிந்துவிடும்.

மஞ்சளோடு கலங்கலும் சேர்ந்திருந்தால், அதுவும் நேற்று மாலை நன்றாக இருந்தது இன்று காலை இப்படி என்றால், பாக்டீரியாதான். 40 எக்ஸில் செல்களுக்கு நடுவே மணல் தூவினாற்போல் புள்ளிகள், சில இடம் விட்டு இடம் நகரும். இதைக் காப்பாற்ற முயலாதீர்கள். ஹூடுக்குள் (வடிகட்டிய காற்று ஓடும் வேலைப்பெட்டிக்குள்) திறக்காதீர்கள். ஒன்று, மூடியைத் தளர்த்தி 121 டிகிரி நீராவியில் ஆட்டோகிளேவ். இல்லையென்றால் கால்வாசியாவது காலியாக இருக்கும் ஃபிளாஸ்க்கில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வீட்டு பிளீச் சேர்த்து அரைமணி நேரம் விட்டுக் கொட்டுவது. இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது, பிளீச் கலந்ததை ஆட்டோகிளேவில் வைத்தால் நச்சுவாயு வரும். அந்த ஃபிளாஸ்க்குக்குப் பயன்படுத்திய மீடியா, பி.பி.எஸ். (செல்லைக் கழுவும் உப்புக் கரைசல்), டிரிப்சின் மூன்றையும் சேர்த்துக் கடாசுங்கள். மனசு வராது, தெரியும், ஆனால் பாதி பாட்டில் மீடியாவை மிச்சம் பிடிக்கப் போய் இன்னும் நாலு ஃபிளாஸ்க் போகும். 500 மி.லி. பாட்டிலை ஆள் ஆளுக்குத் திறப்பதை நிறுத்திவிட்டு, 50 மி.லி. குழாய்களில் பிரித்து, ஒரு செல் லைனுக்கு ஒரு குழாய் என்று வைத்துக்கொண்டால் சேதம் அதோடு நிற்கும்.

மீடியா அடர் பிங்க் அல்லது ஊதாவாகிவிட்டது

இது கார்பன் டை ஆக்சைடு போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளம். மீடியாவின் பி.எச். நிலையாக நிற்பது அதிலிருக்கும் பைகார்பனேட்டும் மேலே இருக்கும் வாயுவும் சமநிலையில் இருப்பதால்தான், வாயு குறைந்தால் பி.எச். ஏறிவிடும். சிலிண்டர் தீர்ந்துவிட்டதா, ரெகுலேட்டர் திறந்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை சிலிண்டர் முள்ளைப் பார்க்கிறவர் யார் என்று லேபில் பெயர் குறிப்பிட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் எல்லாருடைய பொறுப்பு என்று விட்ட சிலிண்டர் சனிக்கிழமைதான் தீரும்.

ஒரே ஒரு ஃபிளாஸ்க் மட்டும் பிங்க் என்றால் மூடி. ஃபில்டர் இல்லாத சாதாரண மூடியை முழுக்க இறுக்கிவிட்டால் வாயு உள்ளே போகாது, கால் திருகு தளர்த்தி வைக்க வேண்டும். ஃபில்டர் மூடியாக இருந்தால் அதில் மீடியா பட்டு நனைந்திருக்கிறதா என்று பாருங்கள், நனைந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, வெப்பக் கடத்துத்திறனை வைத்து வாயுவை அளக்கும் சென்சார் உள்ள இன்குபேட்டர்களில் தண்ணீர்த் தட்டு வறண்டாலே அளவீடு தப்பாகிவிடும். அதனால் தட்டைப் பார்க்காமல் சர்வீஸ்காரரைக் கூப்பிடாதீர்கள். கரண்ட் போனால் பெரும்பாலான இன்குபேட்டர்களில் வாயு வால்வும் மூடிக்கொள்ளும், அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் கதவைத் திறக்காமல் இருப்பது.

ஃபிரிட்ஜில் அடிக்கடி திறந்து மூடிய பாட்டில் லேசாகப் பிங்க் ஆவது சகஜம். ஃபிளாஸ்க்கில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்தால் நிறம் திரும்பிவிடும்.

ஏதோ மிதக்கிறது, கிருமியா அழுக்கா என்று தெரியவில்லை

ஒரு புள்ளியைக் குறிவைத்து அரை நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் செல் சிதைவுத் துகள், நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் அசைவு. இடம் மாறிப் போனால் சந்தேகப்படுங்கள். ஆனால் எல்லா பாக்டீரியாவும் நீந்தாது, எனவே அடுத்த நாள் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்பதுதான் நம்பகமான சோதனை. அழுக்கு பெருகாது.

சீரத்தை ஃபிரீசரிலிருந்து எடுத்து நேராக 37 டிகிரி தண்ணீரில் போட்டு உருக்கினாலோ, 56 டிகிரியில் அரைமணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டாலோ பஞ்சுத் துணுக்கு மாதிரி வெள்ளையாகப் படியும். அது ஃபைப்ரின் மாதிரியான புரதங்கள், செல்லுக்குக் கெடுதல் இல்லை. வேண்டுமானால் மெதுவாக ஒரு சுற்று செண்ட்ரிஃப்யூஜ் செய்து தெளிவை எடுத்துக்கொள்ளலாம். ஃபில்டரில் ஊற்றினால் அடைத்துக்கொண்டு கையிலிருக்கும் சீரம்தான் வீணாகும். அடுத்த தடவை ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்து உருக விடுங்கள்.

முட்டை வடிவில் பளபளவென்று உருண்டைகள், ஒன்றின் ஓரத்தில் குட்டியாக இன்னொன்று முளைத்துச் சங்கிலி மாதிரி நின்றால் ஈஸ்ட். தொடக்கத்தில் மீடியா நிறம் மாறாது, கலங்காது, அதனால் மேலோட்டமாகப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தப்பிவிடும். நூல் நூலாகக் கிளைத்திருந்தால் பூஞ்சை. அந்த ஃபிளாஸ்க்கை எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம், வித்துகள் பறக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பூஞ்சை கூடுவதை நம் பக்கத்து லேப்களில் ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். ராத்திரி ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போவார்கள், சுவர் வேர்க்கும், கல்ச்சர் அறை மூலையில் பிபெட் வந்த அட்டைப்பெட்டிகள் ஈரம் குடித்துக்கொண்டு இருக்கும். அட்டைப்பெட்டிகளை அறையை விட்டு வெளியேற்றுவதுதான் முதல் வேலை. இன்குபேட்டர் தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஸ்டெரைல் டிஸ்டில்டு வாட்டர், வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டாவது ஃபிளாஸ்க்கிலும் பூஞ்சை வந்துவிட்டால் இன்குபேட்டரை முழுக்கக் காலி செய்து, தட்டுகளைக் கழற்றி ஆட்டோகிளேவ் செய்து, உட்சுவர், கதவு ரப்பர், விசிறிப் பகுதி வரை துடைத்தாக வேண்டும். ரப்பரின் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், பல நேரம் கறுப்பாக அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

பார்க்க எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் வளர்ச்சி இறங்கிவிட்டது

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன், ஏனென்றால் மற்ற தொற்றுகள் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், மைகோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா காட்டிக்கொடுக்காது. மூன்று நாளைக்கு ஒருமுறை ஸ்ப்ளிட் பண்ணிய செல் இப்போது ஐந்து நாள் எடுக்கிறது, டிரான்ஸ்ஃபெக்ஷன் (செல்லுக்குள் வெளி டி.என்.ஏ.வைப் புகுத்துவது) முன்புபோல் ஏறவில்லை, எம்.டி.டி. (உயிருள்ள செல்லை அளக்கும் சாயச் சோதனை) அளவீடு ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. மீடியா தெளிவாக, நிறம் சரியாக, செல்லும் உயிரோடு. இப்படி இருந்தால் வேறெதையும் தொடாமல் முதலில் இதைச் சோதியுங்கள்.

மைகோபிளாஸ்மாவுக்கு செல் சுவரே கிடையாது. செல் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பதுதான் பெனிசிலினின் வேலை என்பதால் அது இங்கே பயன்படாது. அளவில் மிகச் சிறியது, வளைந்து கொடுப்பது, அதனால் நாம் நம்பியிருக்கும் 0.22 மைக்ரான் ஃபில்டரையும் தாண்டிவிடும், 0.1 மைக்ரான் வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கில் இருந்தாலும் மீடியா கலங்காது. 1956லேயே செல் கல்ச்சரில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், இன்றும் உலகமெங்கும் லேப்களில் குடியிருக்கிறது. அடிக்கடி பிடிபடும் இனங்களில் ஒன்று மனித வாயில் வாழ்வது, இன்னொன்று பன்றியிலிருந்து, மற்றொன்று மாட்டு சீரத்தோடு வந்தது. ஹூடுக்கு முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வேலை செய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஆனாலும் ஒரு லேபுக்குள் பரவ முக்கியக் காரணம் ஏற்கெனவே தொற்றிய ஃபிளாஸ்க்தான்: அதிலிருந்து பிபெட்டில் தெறிக்கும் துளி, பொதுவாகப் பயன்படுத்தும் மீடியா பாட்டில், பக்கத்து லேபிலிருந்து நட்புக்காக வாங்கி வந்து அன்றே இன்குபேட்டரில் வைத்த செல்.

சோதனைக்கு இரண்டு வழி. டி.என்.ஏ.வில் ஒட்டும் ஹெக்ஸ்ட் சாயம் போட்டு ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது ஒன்று. நல்ல செல்லில் நியூக்ளியஸ் மட்டும் நீலமாக ஒளிரும், சுற்றிலும் கருப்பு. தொற்றிய செல்லில் நியூக்ளியஸைச் சுற்றியும் செல்லின் விளிம்பு நெடுகிலும் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள், சில இடத்தில் திட்டாக. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. இன்னொன்று பி.சி.ஆர். இதற்கு மாதிரி எடுக்கும் விதம் முக்கியம்: செல் நிரம்பும் நிலையில், இரண்டு மூன்று நாள் மீடியா மாற்றாமல் விட்டு, மேலிருக்கும் திரவத்தை எடுங்கள். நேற்று மாற்றிய மீடியாவை எடுத்துச் சோதித்து நெகட்டிவ் என்று நிம்மதியடைவதில் பயனில்லை.

பாசிட்டிவ் என்றால் தூக்கிப் போடுங்கள். ஹீலாவையோ ஹெச்.ஈ.கே.யையோ மருந்து கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மறுபடி கிடைக்காத, நீங்களே உருவாக்கிய லைனாக இருந்தால் மட்டும் தனி இன்குபேட்டரில் வைத்து, இதற்கென்றே இருக்கும் மருந்தை இரண்டு வாரம் போலக் கொடுத்து, அப்புறம் மருந்தே இல்லாமல் குறைந்தது இரண்டு வாரம் வளர்த்து மறுபடி சோதிக்க வேண்டும். மருந்தை நிறுத்திய மறுநாளே சோதித்து வரும் நெகட்டிவ் கணக்கில் சேராது.

பென்-ஸ்ட்ரெப்பை (பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலவையை) நிரந்தரமாகப் போட்டு வளர்ப்பதை நான் ஏற்கவில்லை. அது கவனக்குறைவான கையை மறைக்கிறது, லேசான தொற்றை அடியில் அமுக்கி வைக்கிறது. பிரைமரி செல்லைத் திசுவிலிருந்து எடுக்கும் முதல் நாட்களுக்கு அது தேவை, சரி. மற்றபடி உங்கள் ஸ்டாக் ஃபிளாஸ்க் ஒன்றையாவது ஆன்டிபயாட்டிக் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

மைகோபிளாஸ்மா இல்லை என்று உறுதியானால் அடுத்தது மீடியாவின் வயது. மீடியாவில் உள்ள குளுட்டமின் என்ற அமினோ அமிலம் 37 டிகிரியில் ஒரு வாரம் போல இருந்தாலே பாதி சிதைந்து அம்மோனியாவாகும், ஃபிரிட்ஜிலும் மெதுவாகச் சிதையும். பாட்டிலைத் தினமும் வாட்டர் பாத்தில் மணிக்கணக்கில் ஊற விடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை வரும். வெளிச்சமும் கெடுக்கும்: மீடியாவில் உள்ள ரைபோஃபிளேவின் ஒளி பட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், ஹெப்பீஸ் (பி.எச்.ஐ நிலைநிறுத்தும் பொருள்) சேர்த்த மீடியாவில் இன்னும் கூடுதலாக. அப்புறம் சீரம் லாட் மாறியதா, 1:20 என்று ரொம்ப மெலிதாக ஸ்ப்ளிட் பண்ணினீர்களா என்று நோட்டைப் பாருங்கள். மனிதனின் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் என்றால் அதன் ஆயுள் முடிந்திருக்கலாம், சுமார் 50 முறை பிரிந்தபின் அவை நின்றுவிடும் என்று செல் ஆய்வாளர் ஹேஃப்ளிக் 1961இல் காட்டியது அதைத்தான். அங்கே எந்த மீடியாவும் உதவாது, முந்தைய பாஸேஜில் (எத்தனையாவது ஸ்ப்ளிட் என்ற கணக்கு) உறைய வைத்த வயலை, அதாவது சின்னக் குப்பியை, உருக்க வேண்டும்.

டிரிப்சின் போட்டும் செல் விடவில்லை, அல்லது கொத்தாக வருகிறது

விடவில்லை என்றால் பெரும்பாலும் கழுவியது போதவில்லை. சீரத்தில் டிரிப்சினை முடக்கும் புரதங்கள் உண்டு, அடியில் மீடியா கொஞ்சம் தங்கினாலே வேலை கெடும். கால்சியம், மக்னீசியம் இல்லாத பி.பி.எஸ்.ஸால் இரண்டு முறை கழுவுங்கள். பாட்டில் லேபிளைப் படியுங்கள், அந்த இரண்டும் உள்ள பி.பி.எஸ்.ஸும் அதே அலமாரியில்தான் இருக்கும். டிரிப்சினை 37 டிகிரியில் விட்டுவைத்தால் தன்னைத்தானே செரித்துக்கொண்டு வீரியம் போய்விடும், சின்னச் சின்னதாகப் பிரித்து ஃபிரீசரில் வையுங்கள்.

நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். முதலில் செல்களின் ஓரம் பளிச்சென்று தெரியும், அடுத்து நீட்டிய கால்களை உள்ளிழுத்து உருண்டையாகும், அதற்கப்புறம்தான் ஃபிளாஸ்க்கைச் சாய்த்தால் மணல் சரிவதுபோல் வழுக்கி இறங்கும். ஹெச்.ஈ.கே. ஒரு நிமிடத்திலேயே வந்துவிடும், நிரம்பிப்போன வெரோ நிதானமாகத்தான் வரும். உருண்டையாகும் முன்னால் ஃபிளாஸ்க்கைத் தட்டினால் தகடு தகடாகப் பெயரும், கொத்துக்குக் காரணம் அதுதான். மாறாக, போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் செல் உடைந்து டி.என்.ஏ. வெளியே வந்து கொழகொழவென்று நூலாக இழுக்கும். அந்தக் கொழகொழப்புக்கு டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் நொதி உதவும், ஆனால் உடைந்த செல் உடைந்ததுதான்.

ஹெச்.ஈ.கே. மீடியா மாற்றும்போதே பெயர்ந்து வருகிறதா? அது இயல்பாகவே இளகிய பிடிப்பு உள்ளது. குளிர்ந்த மீடியாவை நேராக மேலே ஊற்றாமல், வெதுவெதுப்பாக, எதிர்ச்சுவரில் வழியவிட்டு ஊற்றுங்கள். நிறையக் கழுவ வேண்டிய சோதனை என்றால் செல் ஒட்ட உதவும் பாலி-லைசின் பூசிய பிளேட்டில் போடுங்கள்.

செல் நடுவிலேயே குவிந்திருக்கிறது

பிளேட்டை வட்டமாகச் சுழற்றியிருக்கிறீர்கள். முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் மெதுவாக நகர்த்துங்கள். 96 கிணறு பிளேட்டில் ஓரக் கிணறுகளில் மட்டும் ஒருபக்கமாக ஒதுங்கினால், செல் போட்ட பிளேட்டைச் சமமான மேசையில் இருபது நிமிடம் போல அறை வெப்பத்தில் வைத்துவிட்டு அப்புறம் இன்குபேட்டருக்குள் கொண்டுபோங்கள்.

உருக்கிய வயலில் பாதிக்கு மேல் செத்திருக்கிறது

உருக்கியதில் தப்பா, உறைய வைத்ததில் தப்பா என்று பிரிக்க அதே தேதி ஸ்டாக்கில் இன்னொரு வயலை வேறொருவர் கையால் உருக்கிப் பாருங்கள். உருக்குவது வேகமாக இருக்க வேண்டும்: 37 டிகிரியில் இரண்டு நிமிடத்துக்குள், ஒரு துணுக்கு ஐஸ் மிச்சமிருக்கும்போதே எடுத்து, மீடியாவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நீர்க்கச் செய்து, செண்ட்ரிஃப்யூஜில் 200 ஜி விசையில் ஐந்து நிமிடம் சுற்றி டி.எம்.எஸ்.ஓ.வை (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) நீக்குங்கள். உறைய வைப்பது மெதுவாக: நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம், 10% டி.எம்.எஸ்.ஓ.வில். வளரும் வேகத்தில் இருக்கும் ஆரோக்கியமான செல்லைத்தான் உறைய வைக்க வேண்டும், நிரம்பி மஞ்சளான ஃபிளாஸ்க்கை வீணாக்க மனமில்லாமல் வயலில் போட்டால் இதுதான் கிடைக்கும். மைனஸ் 80 ஃபிரீசரில் மாதக்கணக்கில் விட்ட வயல்களும் மெல்ல மெல்லச் சாகும், ஓரிரு நாளில் திரவ நைட்ரஜனுக்கு மாற்றிவிடுங்கள். திரவத்துக்குள் மூழ்கியிருந்த வயலை எடுக்கும்போது முகம் முழுவதையும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்ட் கட்டாயம். உள்ளே கசிந்த நைட்ரஜன் வாயுவாக விரிந்து வயல் வெடிக்கும்.

செல்லின் உருவமே மாறிவிட்டது, அல்லது திடீரென்று ரொம்ப வேகமாக வளர்கிறது

வேகமாக வளர்கிறது என்று யாரும் புகார் சொல்வதில்லை, ஆனால் இந்தப் பட்டியலிலேயே எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். உங்கள் ஃபிளாஸ்க்கில் வேறொரு லைன் கலந்து, மெதுவாக வளர்ந்ததை முழுக்க வென்றுவிட்டிருக்கலாம். பால்டிமோரில் 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து வந்த ஹீலா இதில் பேர்போனது. வெவ்வேறு திசு என்று நம்பி வளர்த்த பல லைன்கள் ஹீலாதான் என்று 1966இலேயே மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் சொல்லிவிட்டார். சாங் லிவர், கே.பி., ஹெப்-2, ஐ.என்.டி. 407 எல்லாம் ஹீலாவே. மார்பகப் புற்று என்று ஆண்டுக்கணக்கில் கட்டுரைகள் வந்த எம்.டி.ஏ.-எம்.பி.-435 உண்மையில் ஒரு மெலனோமா லைன்.

புது லைனை வாங்கும் முன் செல் லைன் அடையாளத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐ.சி.எல்.ஏ.சி. வெளியிட்டிருக்கும் தவறாக அடையாளமிடப்பட்ட லைன்களின் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். முடிந்தவரை புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் மாதிரியான களஞ்சியத்திலிருந்து வாங்குங்கள். வந்தவுடன் பத்துப் பதினைந்து வயலாவது உறைய வைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். ஹூடில் ஒரு நேரத்தில் ஒரு லைன் மட்டும், வேகமாக வளர்வதைக் கடைசியில் எடுங்கள். பெயர், பாஸேஜ் எண், தேதியை மூடியில் எழுதாமல் ஃபிளாஸ்க்கின் உடலில் எழுதுங்கள், மூடி மாறிவிடும். சந்தேகம் வந்தால் எஸ்.டி.ஆர். சோதனைக்கு (செல் லைனின் டி.என்.ஏ. அடையாளத்தைப் பார்ப்பது) அனுப்புங்கள். அறிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஃபிளாஸ்க்கையும் அதிலிருந்து உறைய வைத்த வயல்களையும் அன்றே ஒதுக்கிவிட்டு, எந்த பாஸேஜ் வரை சரியாக இருந்தது என்று பழைய வயல்களைப் பின்னோக்கிச் சோதித்து, அதற்குப் பின் எடுத்த தரவு எதுவும் கட்டுரைக்குப் போகாமல் நிறுத்தி வைத்து, உங்கள் வழிகாட்டியிடம் அதே வாரத்தில் சொல்லிவிடுங்கள்.